பலாலி – திருச்சி: ஒரு மணித்தியாலப் பயணமும் மிச்சத் தூரமும்

பலாலியில் இருந்து திருச்சி விமான நிலையம் வான்வழியாக ஏறத்தாழ 185 கிலோமீற்றர். கட்டுநாயக்கா ஏறத்தாழ 290 கிலோமீற்றர். யாழ்ப்பாணத்தவருக்குத் திருச்சிதான் கிட்ட. ஆனாலும் போர்க்காலத்திலும், போர் முடிந்து பத்து வருடங்கள் வரையும், திருச்சிக்கு விமானத்தில் போக விரும்பியவர் முதலில் தெற்கே போய், கட்டுநாயக்காவில் ஏறி, வந்த திசையிலேயே திரும்பிப் பறக்க வேண்டியிருந்தது.

வடக்கில் இருந்து இந்தியாவுக்குப் பறப்பது புதிய விடயமல்ல. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரித்தானியர் அமைத்த இந்த ஓடுபாதை வழியாகவே, 1947 டிசம்பரில் எயார் சிலோனின் முதற்சேவை இரத்மலானையில் இருந்து சென்னைக்குச் சென்றது. 2019 ஒக்ரோபரில் நமக்குக் கிடைத்தது ஒரு சலுகை அல்ல. இழந்ததன் ஒரு பகுதிதான் திரும்பி வந்தது.

அதுவும் தடைப்பட்டுத்தான் வந்தது. கொரோனாவால் 2020 மார்ச்சில் நின்ற சென்னைச் சேவை 2022 டிசம்பரில்தான் மீண்டும் தொடங்கியது. 2025 மார்ச் இறுதியில் இன்டிகோ திருச்சிச் சேவையைத் தொடங்கியது. ஓடுவது ஏ.டி.ஆர். 72 வகைச் சிறிய விமானம். சென்னைக்கு ஒன்றேகால் மணித்தியாலம், திருச்சிக்கு ஒரு மணித்தியாலம் அளவில். தூரம் பாதியாக இருந்தும் நேரம் பாதியாகக் குறைவதில்லை. ஓடுபாதையில் நகரவும், மேலெழவும், இறங்கவும் ஆகும் நேரம் இரண்டுக்கும் ஒன்றுதான்.

என் கேள்வி, அந்த ஒரு மணித்தியாலம் யாருக்கு என்பதுதான். திருச்சி விமான நிலையத்துக்கு அருகிலேயே கொட்டப்பட்டு அகதி முகாம் இருக்கிறது. தமிழ்நாட்டு முகாம்களில் உள்ளவர்களில் பலர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வள்ளத்தில் போனவர்கள். அவர்களிடம் கடவுச்சீட்டும் இல்லை, குடியகல்வு முத்திரையும் இல்லை. 2025 மே மாதம் ஐ.நா. அகதிகள் முகவரகத்தின் உதவியோடு தாயகம் திரும்பிய 75 வயது முதியவர் பலாலியில் வைத்தே கைது செய்யப்பட்டார். உரிய வழியில் நாட்டை விட்டு வெளியேறவில்லை என்பதே அவர் மீதான குற்றச்சாட்டு. குண்டுக்குத் தப்பி ஓடியவர் எந்தக் கருமபீடத்தில் முத்திரை குத்தியிருக்க முடியும்?

ஓடுபாதையின் இந்தப் பக்கமும் கணக்குத் தீரவில்லை. 1990 ஜூனில் இடம்பெயர்ந்த வலிகாமம் வடக்கு மக்களின் காணிகளில் ஒரு பகுதி இன்னும் படையினர் வசம். பெரிய விமானங்கள் இறங்க ஓடுபாதையை விரிவாக்க வேண்டும் என்ற கோரிக்கை நியாயமானது. ஆனால், காணி விடுவிப்பைத் தள்ளிப்போட அதையே காரணமாக்க இடம் கொடுக்கக் கூடாது. எவ்வளவு காணி தேவை, யாருடையது, என்ன நட்டஈடு என்பதை முதலில் பகிரங்கமாகச் சொல்லட்டும்.

புதிய விமான சேவைகளை வரவேற்போம். அதோடு இரண்டு விடயங்களையும் கேட்போம்: போருக்குத் தப்பி ஓடியவர்களைக் குற்றவாளிகளாக்காத சட்டத் திருத்தம், விடுவிக்கப்படாத காணிகளுக்கு ஒரு திகதி. இந்த இரண்டும் கிடைக்கும்வரை, முகாமில் இருப்பவருக்கும் காணி இழந்தவருக்கும் அந்த 185 கிலோமீற்றர் குறையப் போவதில்லை.