கடந்த காலம் சொல்லாத ஆபத்து

2020 ஏப்ரல் 20 அன்று நியூயார்க் சந்தையில் மே மாதக் கச்சா எண்ணெய் ஒப்பந்தத்தின் விலை பீப்பாய்க்கு மைனஸ் 37.63 டாலரில் முடிந்தது. அதையொட்டி, மும்பையின் எம்சிஎக்ஸ் பண்டகச் சந்தை தனது ஏப்ரல் ஒப்பந்தத்தின் தீர்வு விலையை மைனஸ் 2,884 ரூபாய் என அறிவித்தது. 100 பீப்பாய் கொண்ட ஒரு லாட்டை வாங்கி வைத்திருந்தவர், வாங்கிய விலை முழுவதையும் இழந்ததோடு 2,88,400 ரூபாயைக் கூடுதலாகக் கட்ட நேர்ந்தது. பொதுமுடக்கத்தால் மாலை 5 மணிக்கே இங்கு வர்த்தகம் முடிந்துவிட்டதால், இரவில் நேர்ந்த சரிவின்போது வெளியேறவும் வழியில்லை.

வசூலிக்கப்பட்ட மார்ஜின் தொகை ஏன் போதவில்லை?

மார்ஜினும் வங்கிகளின் இடர் மதிப்பீடும் பெரும்பாலும் கடந்தகால விலைகளைக் கொண்டே கணிக்கப்படுகின்றன. '100 நாள்களில் 99 நாள்கள் இழப்பு இதைத் தாண்டாது' எனக் கூறும் 'வேல்யூ அட் ரிஸ்க்' அளவீட்டையே எடுத்துக்கொள்வோம். ஓராண்டின் ஏறத்தாழ 250 வர்த்தக நாள்களில் 1 சதவீதம் என்பது இரண்டரை நாள். கோடிக்கணக்கான பணத்துக்கு அரணாகக் கருதப்படும் எண், இரண்டு மூன்று மோசமான நாள்களை நம்பியே நிற்கிறது. அவற்றில் ஒன்று விலகினாலும் எண் மாறிவிடும். 10 ஆண்டுத் தரவைச் சேர்த்தால், இன்றைய சந்தைக்குத் தொடர்பில்லாத நாள்களும் கலந்துவிடும்.

எல்லையைத் தாண்டினால் இழப்பு எவ்வளவு என்பதையும் இந்த அளவீடு சொல்வதில்லை. அதனால்தான், மிக மோசமான 2.5 சதவீத நாள்களின் சராசரி இழப்பைக் கணிக்கும் 'எக்ஸ்பெக்டட் ஷார்ட்ஃபால்' முறையை 2016-இல் பேசல் குழு ஏற்றது. இது முன்னேற்றமே. ஆயினும், 250 நாள் தரவில் அதுவும் ஆறு நாள்களின் சராசரிதான். விலை பூஜ்யத்துக்குக் கீழே சென்ற ஒரு நாள்கூட இல்லாத தரவை மட்டும் நம்பும் எந்த முறையும் ஏப்ரல் 20-ஐ முன்னுணர்த்தியிருக்காது.

ஆனால், தரவுக்கு வெளியே அறிகுறிகள் இருந்தன. அமெரிக்காவின் குஷிங் எண்ணெய்க் கிடங்குகள் வேகமாக நிரம்பிவந்தன. நியூயார்க் சந்தையை நடத்தும் சிஎம்இ நிறுவனம், எதிர்மறை விலைக்கான ஏற்பாடுகளைச் சில நாள்கள் முன்பே அறிவித்திருந்தது. இங்கோ, அதற்கான தனி விதிமுறையைச் செபி வெளியிட்டது 2020 செப்டம்பரில்தான்.

இடர் அளவீடு எத்தனை நாள் தரவிலிருந்து பெறப்பட்டது, அதில் பிழைக்கான வரம்பு எவ்வளவு என்பவற்றையும் சந்தைகள் முதலீட்டாளர்களுக்குச் சொல்ல வேண்டும். இதுவரை நிகழாததையும் கற்பனை செய்து பார்க்கும் சோதனைகள் கட்டாயமாக்கப்பட வேண்டும். மதிப்பீட்டை உத்தரவாதமாக எண்ணிவிட்டால், அதற்கான விலையைக் கொடுப்பவர் சிறு முதலீட்டாளராகவே இருப்பார்.