புனையா ஓவியமும் அம்ரிதா சேர்கிலின் மணமகளும்

தமிழாய்வில் ஓவியம் பெரும்பாலும் இலக்கியத்திற்குத் துணைச்சான்றாகவே இடம்பெறுகிறது. அதனையும் ஒரு பனுவலாகக் கொண்டு தமிழ்க் கவிதையியல் வழி வாசிக்க இயலும். அம்ரிதா சேர்கில் (1913–1941) தீட்டிய 'மணமகளின் ஒப்பனை' (1937) இதற்குத் தக்க சான்றாகும்.

புடாபெஸ்டில் பிறந்து பாரிசில் பயின்ற சேர்கில், 1936ஆம் ஆண்டின் இறுதியில் தென்னகப் பயணம் தொடங்கினார். அஜந்தாவைக் கண்டார், மட்டாஞ்சேரி அரண்மனைச் சுவரோவியங்களைப் பார்த்து வரைந்தார், குமரிமுனை வரை வந்தார். அப்பயணத்தின் விளைவான மூன்று பேரோவியங்களுள் ஒன்று இது. நடுவே மணமகள் அமர்ந்திருக்கிறாள். அவளுக்குக் கூந்தல் முடிக்கப்படுகிறது. மணக்கோலத்திற்குரிய உவகை மட்டும் அவள் முகத்தில் இல்லை.

இத்துயரை ஓவியரின் வாழ்க்கையைக் கொண்டு விளக்குவது எளிது, ஆனால் போதுமானதன்று. நெடுநல்வாடை, பிரிவால் அணிகளைந்த அரசியை வண்ணம் தீட்டப்பெறாத 'புனையா ஓவியம்' எனக் காண்கிறது. தமிழில் 'புனைதல்' என்னும் சொல் அணிசெய்தல், ஓவியம் தீட்டுதல், செய்யுள் இயற்றுதல் ஆகிய மூன்றையும் குறிக்கும். இச்சொல்வழி நோக்கின், சேர்கிலின் மணமகள் பிறர் கைகளால் புனையப்பட்டுக்கொண்டிருக்கும் ஓவியமாகிறாள். அரசியின் துயர் அணி நீங்கியதில் புலப்படுகிறது; மணமகளின் துயரோ அணி ஏறும்போதே புலப்படுகிறது. இவ்வேறுபாட்டை வாழ்க்கை வரலாறு காட்டாது, சொல்லாய்வு காட்டும்.

மெய்ப்பாடு செய்யுளுக்கே உரியது என மறுக்கலாம். எனினும் உரையாசிரியர்கள் அதனைக் கூத்தோடும் தொடர்புறுத்தியுள்ளனர். உடல்வழிப் புலப்படும் உணர்வே மெய்ப்பாடு எனின், ஓவியத்தின் உடலை மட்டும் விலக்குவதற்குக் காரணமில்லை.

இம்முறையின் தேவை தாமிரபரணிக் கரையில் மேலும் கூடுகிறது. திருப்புடைமருதூர் நாறும்பூநாதர் கோயில் கோபுரத்தின் ஐந்து நிலைகளிலும் உட்சுவர் ஓவியங்கள் உள்ளன. புராணக் காட்சிகளோடு போரும் குதிரை ஏற்றிய மரக்கலமும் அங்கே தீட்டப்பட்டுள்ளன. இன்ன கதை, இன்ன காலம் என அடையாளம் காண்பதோடு ஆய்வு நின்றுவிடலாகாது. ஒவ்வோர் உருவின் நிலை, நோக்கு, ஒப்பனை ஆகியன மெய்ப்பாட்டு நோக்கில் பதிவுசெய்யப்பட வேண்டும். ஏட்டுச்சுவடிக்குப் படிகள் பல இருக்கக்கூடும். சுவரோவியத்திற்கு மூலம் ஒன்றே. சுதை உதிர்ந்தால் பாடமும் உதிரும். நெல்லைத் தமிழாய்வாளர்கள் சுவடிப் பதிப்புக்கு நிகரான பணியாக இதனைக் கொள்ளுதல் வேண்டும்.