ஏழு மில்லிமீட்டர்

தமிழ்நாட்டின் மாநிலக் கல்விக் கொள்கை 2025 ஆகஸ்ட் 8 அன்று வெளியானது. அதன்படி 2025-26 முதல் பதினொன்றாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு இல்லை. இந்த இதழ் அதை வரவேற்கிறது. ஆனால் முழு மனதோடு வரவேற்க, 2017இல் அத்தேர்வு ஏன் வந்தது என்ற நினைவு விடவில்லை. பிளஸ் ஒன் பாடத்தை ஓரங்கட்டிவிட்டு இரண்டு ஆண்டும் பிளஸ் டூ போர்ஷனையே ஓட்டிய பள்ளிகளுக்குக் கடிவாளமாகத்தான் அது வந்தது. கடிவாளம் கழன்றால் பழைய ஓட்டம் திரும்பும் என்று அஞ்சுகிறவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால் அந்தத் தேர்வு காப்பாற்றியது பாடத்தையா, மனப்பாடத்தையா என்றும் கேட்டாக வேண்டும். பாடம் நடக்கிறதா என்று பார்க்க வகுப்பறைக்கு ஆள் அனுப்பலாம். அதற்காக மூன்று ஆண்டு தொடர்ந்து ஒரு பிள்ளையைப் பொதுத்தேர்வில் உட்கார வைக்க வேண்டியதில்லை.

கொள்கையைப் பற்றிய பேச்செல்லாம் எழுத்துத் தேர்வைச் சுற்றியே நடக்கிறது. அதன் எழுபது மதிப்பெண் போனதைப் பார்த்தவர்கள், கூடவே செய்முறையின் இருபதும் புறத்தேர்வாளர் கையிலிருந்து பள்ளியின் கைக்கு வந்துவிட்டதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. அறிவியல் கல்வியில் படைப்பூக்கம் வேண்டும் என்று மேடைதோறும் பேசும் மாநிலத்துக்கு இதைவிடப் பெரிய வாய்ப்பு அண்மையில் வாய்த்ததில்லை. விடை முன்கூட்டியே தெரிந்த இடத்தில் யாருக்கும் புதிதாக எதுவும் தோன்றாது. நம் ஆய்வகங்களில் விடை தெரியாத சோதனை ஒன்றுகூட இல்லை. ரெக்கார்டு நோட்டு அண்ணனிடமிருந்து தம்பிக்கு வருகிறது, சோதனை மேசையில் பிள்ளைகள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வது “வேல்யூ வந்துடுச்சா?” என்பதுதான்.

பிளஸ் ஒன் இயற்பியலில் ஒத்ததிர்வுத் தம்பத்தை எடுத்துக்கொள்வோம். 512 ஹெர்ட்ஸ் இசைக்கவை, இரண்டு ஒத்ததிர்வு நீளங்கள், முனைத்திருத்தம் அடிபட்டுப்போகும் வித்தியாசம். சென்னையில் 32 டிகிரி வெப்பத்தில் ஒலியின் திசைவேகம் வினாடிக்கு 350 மீட்டர் வரும். நீள வித்தியாசம் 34.2 செ.மீ. நீலகிரியில், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயரத்தில் இருக்கும் தேவாலாவில், மழைக்காலக் காலையில் ஆய்வகம் 20 டிகிரியில் இருந்தால் திசைவேகம் 343, வித்தியாசம் 33.5. இடையில் ஏழு மில்லிமீட்டர். அதைக் காண லேசர் வேண்டாம், மீட்டர் அளவுகோல் போதும். இத்தனை அருகில் கிடக்கும் கேள்வியை நம் பிள்ளை என்ன செய்கிறாள்? வழிகாட்டியில் அச்சான மாதிரி விடையை எட்டும்வரை தன் அளவீட்டைத் திருத்துகிறாள். சரியாக அளந்தவள் தப்பு செய்தவளாகிறாள். இதே ஊரில் தண்ணீர் 97 டிகிரிக்கு அருகிலேயே கொதித்துவிடும்; குறிப்பேட்டில் 100 என்று எழுதாவிட்டால் வெப்பநிலைமானி பழுது என்பார்கள். காற்றழுத்தம், உயரம், வெப்பநிலை, நீராவி என்று ஒரு பருவம் முழுக்க நடத்தக்கூடிய விசாரணை ஒரு திருத்தக் கோட்டில் முடிந்துவிடுகிறது.

“திறந்த சோதனைக்கு மதிப்பெண் போடுவது எப்படி? வேண்டியவர்களுக்கு அள்ளிக்கொடுப்பார்களே” என்பது அடுத்த தடை. இதுவரை புறத்தேர்வாளர் முன்னிலையில் விழுந்த மதிப்பெண்ணின் லட்சணத்தை இந்த இதழின் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மத்தியப் பிரதேசத்து ஹோஷங்காபாத்தில் 1972இல் 16 பள்ளிகளில் தொடங்கிய அறிவியல் கற்பித்தல் திட்டம், புத்தகத்தைத் திறந்துவைத்து எழுதும் தேர்வையும், கருவியைக் கையில் கொடுத்து யோசிக்கவைக்கும் செய்முறைத் தேர்வையும் அரசுப் பள்ளிகளிலேயே நடத்திக் காட்டியது. அளவீடு வந்த வழிக்கும், பிழையை விளக்கிய விதத்துக்கும் மதிப்பெண் உண்டு. “சரியான” எண்ணுக்கு மட்டும் இல்லை. முப்பது ஆண்டு நடந்த அதை 2002இல் மூடியது மாநில அரசு. ஆசிரியர்களால் முடியாமல் போய் நின்ற திட்டமல்ல அது.

நம் மாநிலத்திலும் ஆசிரியர்கள் தயார்தான், விட்டால். வானவில் மன்றம் 2022 நவம்பரில் தொடங்கி ஆறு முதல் எட்டு வரை பிள்ளைகளுக்குக் கையால் செய்து பார்க்கும் அறிவியலைத் தருகிறது, நல்ல காரியம். ஒன்பதாம் வகுப்பு வாசலில் அது நின்றுவிடுகிறது. மறுபக்கம் ஒன்றிய அரசு 2025 பட்ஜெட்டில் ஐந்து ஆண்டில் 50,000 அடல் டிங்கரிங் ஆய்வகங்கள் என்று அறிவித்திருக்கிறது. இதுவரை ஓர் ஆய்வகத்துக்கு 20 லட்சம் என்பது கணக்கு. முப்பரிமாண அச்சுப்பொறி வரட்டும், ரோபோ வரட்டும். ஆனால் இருக்கிற ஆய்வகத்தில் கண்ணாடிக் குழாயைக் கழுவிவைக்க ஆள் வேண்டாமா? 4,362 ஆய்வக உதவியாளர் இடங்களுக்கு 2015 மே மாதம் தேர்வு எழுதினார்கள். முடிவு வெளிவர 2017 ஆயிற்று. இரண்டு ஆண்டு ஒரு பட்டியலை வெளியிட முடியாத அமைப்பு, நம் பிள்ளைகளிடம் மட்டும் மூன்று மணி நேரத்தில் துல்லியமான விடை கேட்கிறது. ஆள் மட்டுமல்ல, நாளும் சிக்கல்தான். நீலகிரியின் கூடலூர், பந்தலூர் வட்டங்களுக்கு ஜூன் தொடங்கி மழை விடுமுறை எத்தனை விடப்படுகிறது என்பது ஆட்சியர் அலுவலகத்துக்குத் தெரியும். மாலையில் சிறப்பு வகுப்பு வைத்தால் யானை நடமாடும் பாதையில் பிள்ளைகள் வீடு திரும்ப வேண்டும் என்பது வனத்துறைக்குத் தெரியும். செய்முறைக்கு நாள் குறிப்பவர்களிடம் இருப்பது சென்னையின் நாட்காட்டி.

பள்ளியின் கைக்கு வந்திருக்கும் இருபது மதிப்பெண்ணை யாரும் கேட்காமல் விட்டால், ஓர் அரசாணையோ சுற்றறிக்கையோ அதைப் பழைய பட்டியலாலேயே நிரப்பிவிடும். அதற்கு முன் நாமே நிரப்பிவிட வேண்டும். பிளஸ் ஒன் செய்முறைப் பட்டியலில் பாதிச் சோதனைகளையாவது அந்தந்தப் பள்ளி தேர்ந்துகொள்ளவும், மாதிரி விடை இல்லாமல் மதிப்பிடவும் அனுமதி கேட்டு இந்த இதழ் எழுதுகிறது. அதற்குச் சான்று வேண்டும். இந்தப் பருவத்தில் தம்பச் சோதனை செய்யும் பள்ளிகள் எல்லாம் இரண்டு நீளங்களையும், அன்றைய வெப்பநிலையையும், ஊரின் உயரத்தையும், பிள்ளை எழுதியபடியே, திருத்தாமல் அனுப்புங்கள். மேங்கோரேஞ்சும் சேரம்பாடியும் ஊட்டியும் மேட்டுப்பாளையமும் ஒரே பக்கத்தில் அச்சாகட்டும்.