கேளாமல் கைவைக்கும் செருகுநிரல்



விருந்துக்கு வந்தவர் வீட்டு நாற்காலிகளையெல்லாம் இடம் மாற்றிவிட்டுச் சொல்லாமல் போனால், அவரைப் பண்பாளர் என்போமா? பெற்றோர் ஆசிரியர் சங்கப் பணத்தில் வாங்கிப் பள்ளிக் கணினியில் நிறுவிய தமிழ்ச் செருகுநிரலொன்று எங்களுக்கு அதைத்தான் செய்தது.

ஆண்டு 4 தமிழ்மொழித் தேர்வுத்தாள் நான்கு பக்கமாக அமைந்திருந்தது. அச்சறைக் கணினியில் அது ஐந்தாயிற்று. படம் ஒரு பக்கம், அதற்குரிய வினா மறுபக்கம். பழி, தாளைத் தட்டெழுதிய இளம் ஆசிரியைமீது விழுந்தது. "எதையோ அழுத்தியிருப்பீர்கள், டீச்சர்" என்றார்கள். நானும் அவ்வாறே எண்ணினேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

அவர் எதையும் அழுத்தவில்லை. செருகுநிரல்தான் மைக்ரோசாப்ட் வேர்டின் இயல்பு எழுத்துருவை நீக்கிவிட்டுத் தன் எழுத்துருவை அங்கே அமர்த்தியிருந்தது. அவ்வெழுத்துரு அச்சறைக் கணினியில் இல்லை. வேறொன்று அவ்விடத்தை நிரப்ப, வரிகள் நீண்டன. போதாக்குறைக்கு, நாங்கள் அணைத்து வைத்திருந்த தானியங்கித் திருத்தத்தையும் அது உயிர்ப்பித்துவிட்டது. மலாயில் தேநீரைக் குறிக்கும் மூன்றெழுத்துச் சொல்லை ஆங்கிலப் பிழையென்று கருதி மாற்றிவிடும் பழக்கம் அத்திருத்தத்துக்கு உண்டு. சிற்றுண்டிச்சாலை விலைப்பட்டியலில் தேநீரே காணாமற்போயிற்று!

கண்ட்ரோல் விசையை அழுத்தியவாறு வேர்டைத் திறந்தால், செருகுநிரல்கள் ஏறாத பாதுகாப்பு நிலையில் அது திறக்கும். அங்கே கோளாறு மறைந்தது, குற்றவாளி அகப்பட்டான். ஆனால் செருகுநிரலை நீக்கிய பின்னும் எழுத்துரு பழைய நிலைக்குத் திரும்பவில்லை. இயல்பு எழுத்துரு பதிவாவது 'நார்மல்' எனும் வார்ப்புருக் கோப்பில். வேர்டை மூடிவிட்டு அக்கோப்பின் பெயரை மாற்றினால், அடுத்த முறை திறக்கையில் புதியதொன்று உருவாகிவிடும். பழையதை அழித்துவிடாதீர்கள், உங்கள் சொந்தப் பாணிகளும் குறுநிரல்களும் அதில் இருக்கக்கூடும். தானியங்கித் திருத்தத்தை மட்டும் தனியே சென்று அணைக்க வேண்டும்.

இரண்டு மாலைப்பொழுதுகள் இதில் கழிந்தன.

"தமிழுக்குத் தொண்டு செய்கிறார்கள், குறை சொல்லலாமா?" என்கிறார் நண்பரொருவர். சொல்லத்தான் வேண்டும். காசு வாங்கிக்கொண்டு செய்வது வணிகம். அதற்குத் தொண்டெனப் பெயர் சூட்டித் தப்பவிடுவது தமிழுக்குச் செய்யும் நன்மையன்று. இயல்பு எழுத்துருவை மாற்ற வேண்டிய தேவைதான் என்ன? விண்டோஸ் 2000 லதா எழுத்துருவோடு வந்தது. 2012-இல் வெளிவந்த விண்டோஸ் 8 முதல் நிர்மலா உடன்வருகிறது. ஒருங்குறித் தமிழுக்கு இவை போதும். தம் எழுத்துருதான் வேண்டுமென்றால், "மாற்றட்டுமா?" என்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாமே!

பெற்றோர் ஆசிரியர் சங்கத்தாரே, அடுத்த மென்பொருளுக்குக் காசோலை எழுதுமுன் விற்பவரிடம் கேளுங்கள்: எவ்வெவ் அமைப்புகளை மாற்றும்? முன்கூட்டிக் கேட்குமா? நீக்கினால் பழைய நிலையை மீட்டுத் தருமா? விடையை எழுத்தில் வாங்குங்கள்.

அந்த ஆசிரியையிடம் நான் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். செருகுநிரலை விற்றவருக்கு இரண்டு மடல் எழுதினேன். மறுமொழி இல்லை.