கப்பற் சீட்டும் மனித உயிரும்

பிரயாணச் சீட்டிலுள்ள நிபந்தனைகளை முற்ற வாசித்தவர் நம்முள் எத்துணைப் பேர்? தமிழ் கற்பிக்கும் நாம் சட்ட விடயத்திற் புகுவது சிலர்க்கு வியப்பாகலாம். எனினும், சொற்களாலேயே ஒருவரது உரிமை பறிக்கப்படுமிடத்துச் சொல்லை ஆராய்வோர் வாளாவிருத்தல் தகாது.

‘ஹிமாலயா’ என்னும் ஆங்கிலேயக் கப்பலிற் பிரயாணஞ் செய்த மாது ஒருவர், கரைக்கும் கப்பலுக்குமிடையே இட்ட நடைபாலம் பெயர்ந்தமையால் வீழ்ந்து காயமுற்றார். பிரயாணிகள் முற்றிலும் தம் சொந்தப் பொறுப்பிலேயே ஏற்றிச் செல்லப்படுவர் என்று சீட்டிலே அச்சிடப்பட்டிருந்தது. கம்பனிமீது வழக்கிட வழியில்லை. ஆகவே, கப்பற்றலைவர்மீதும் அவர்கீழ்ப் பணியாற்றிய ஒருவர்மீதும் வழக்கிட்டார். சீட்டின் வாசகம் அவ்விருவரையும் காக்காதென 1954ஆம் ஆண்டில் இங்கிலாந்து மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்தது. கப்பற்காரர் செய்தது யாது? ஊழியரையும் காக்கும் வாசகமொன்றைத் தம் ஒப்பந்தங்களிற் சேர்த்துக்கொண்டனர்! அது இன்றும் ‘ஹிமாலயா வாசகம்’ என்றே வழங்குகின்றது.

1974ஆம் ஆண்டின் ஏதென்சு உடன்படிக்கை, சீட்டின் வாசகத்தாற் பொறுப்பைக் கழிக்கும் அவ்வழியை அடைத்தது. 2014இல் நடைமுறைக்கு வந்த அதன் 2002ஆம் ஆண்டுத் திருத்தம் மேலுஞ் சென்றது. கப்பல் மூழ்குதல், கவிழ்தல், மோதுதல், தரைதட்டல், தீ, வெடிப்பு, கப்பலின் குறைபாடு ஆகியவற்றால் உயிரிழப்போ காயமோ நேரின், தம்மிற் குற்றமில்லாவிடினும் பிரயாணி ஒருவருக்கு 250,000 அலகுவரை கப்பற்காரரே பொறுப்பாளர். (அலகு என்பது சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கலகு.) போர், தடுத்தற்கரிய இயற்கைச் சீற்றம் முதலியன விலக்கு. அதற்குமேல் 400,000 அலகுவரை, தம்மிற் குற்றமில்லையென நிறுவும் பாரமும் அவருடையதே. காப்புறுதியும் கட்டாயமாக்கப்பட்டது.

இது மிகையென்பாரும், கட்டணம் உயருமென்பாரும் உளர். நாம் உடன்படோம். கப்பல் மூழ்கியவிடத்துச் சான்றும் உடன் மூழ்குகின்றது. கரையிலிருக்கும் விதவை எதனைக் கொண்டு குற்றத்தை நிறுவுவாள்? பலர் கட்டணத்திற் சில சதம் கூடுவது, ஒரு குடும்பம் தனித்துச் சுமப்பதினும் இலகுவன்றோ?

ஆயினும் குறையுண்டு. நடைபாலத்தில் வீழ்ந்தவர், அது கப்பலின் குறைபாட்டால் நேர்ந்ததன்றெனில், இன்றும் தாமே குற்றத்தை நிறுவவேண்டும். அன்றியும், உடன்படிக்கை நாடுகளுக்கிடையிலான பிரயாணங்களையே தழுவும். ஐரோப்பிய ஒன்றியம் 2009ஆம் ஆண்டின் ஒழுங்குவிதியால் உள்நாட்டுக் கப்பல்கள் சிலவற்றையும் அதனுட் கொணர்ந்தது. குறிகட்டுவானிலிருந்து நயினாதீவு செல்லும் படகோ அவ்வுடன்படிக்கையின் எல்லைக்குப் புறம்பானது. பழைய மாணவருட் சட்டத்தரணிகள் பலருளர். தீவகப் பிள்ளைகள் ஏறும் படகுகளுக்குப் பொறுப்பாளர் யாவர், காப்புறுதி யாது என்பதை அவர்கள் ஆராய்ந்து நம் கல்லூரிச் சஞ்சிகையில் எழுதுவாராக.