வழியில் இரண்டு இரவுகள்

டிசம்பர் நெருங்கும்போது மும்பையிலும் புணேயிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களில் ஒரு கணக்கு தொடங்கிவிடுகிறது. அறுபது நாள்களுக்கு முன் திறந்த இரயில் முன்பதிவில் இடம் கிடைக்கவில்லை. நான்கு பேருக்கான விமானக் கட்டணத்தைக் கூட்டிப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது. வாசலில் கார் நிற்கிறது. காரிலேயே ஊருக்குப் போய்விடுவது என்று முடிவாகிறது. அதன்பின் உறவினரும் நண்பரும் கேட்பது ஒரே கேள்விதான்: எத்தனை மணி நேரத்தில் போய்ச் சேர்வீர்கள்?

இந்தக் கேள்வியைக் கேட்பதையே நாம் நிறுத்த வேண்டும் என்பது எங்கள் கருத்து.

மும்பையிலிருந்து திருநெல்வேலி ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர் தொலைவு. கோலாப்பூர், பெலகாவி, ஹுப்பள்ளி வழியாகப் பெங்களூரு வரை தேசிய நெடுஞ்சாலை 48. பிறகு ஓசூர், சேலம், மதுரை என நெடுஞ்சாலை 44. பெரும்பாலும் நல்ல சாலை. வெள்ளி மாலை அலுவலகம் முடிந்து புறப்பட்டு, மாறி மாறி ஓட்டினால் சனி நள்ளிரவில் ஊர் சேரலாம் என்று கணக்குச் சொல்லும். நாங்களும் இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவ்வாறே புறப்பட்டோம். இரண்டு நாள் விடுப்பு மிச்சம் என்பதில் எங்களுக்குச் சிறிது பெருமையும் இருந்தது.

ஹுப்பள்ளியைக் கடந்தபோது அதிகாலை நான்கு மணி. அந்தப் பகுதியில் அது கரும்பு வெட்டும் பருவம். பின்விளக்கு இல்லாத டிராக்டர்கள் இரண்டு டிரெய்லர்களை இழுத்துக்கொண்டு ஆலைக்கு ஊர்ந்து செல்லும். எங்களில் ஒருவர் ஓட்ட, மற்றவர் பேச்சுத்துணையாக விழித்திருப்பது என்பது ஏற்பாடு. துணை முதலில் உறங்கிற்று. ஓட்டிய கண்களும் மூடின. மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடிக்கு 25 மீட்டர் ஓடுகிறது. நான்கு நொடி கண்ணயர்ந்தால் நூறு மீட்டர். எங்களுக்கு எத்தனை நொடி என்பது தெரியாது. சாலையோரக் கோட்டின் மேடுபள்ளத்தில் சக்கரம் ஏறிய அதிர்வில் விழித்தபோது, முன்விளக்கு வெளிச்சம் முழுவதும் கரும்பாக இருந்தது. வண்டியை ஒடித்துத் திருப்பி நிறுத்தினோம். பின்னிருக்கையில் பிள்ளைகள் விழிக்கக்கூட இல்லை.

அடுத்த பெட்ரோல் நிலையத்தில் வெயில் ஏறும்வரை உறங்கினோம். ஊரில் அம்மா தாமதத்துக்குக் காரணம் கேட்டபோது, வழியில் நெரிசல் என்று சொல்லி வைத்தோம்.

இது எங்கள் தவறு. வேறெவர்மீதும் குறை சொல்ல இடமில்லை. ஆனால் எங்களுக்கு மட்டும் நேர்ந்ததும் அன்று. 2022ஆம் ஆண்டில் நம் நாட்டின் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் உயிரிழந்ததாக மத்திய அரசின் அறிக்கை கூறுகிறது. அவர்களில் 61,000க்கும் மேற்பட்டோர் தேசிய நெடுஞ்சாலைகளில் இறந்தவர்கள். நாட்டின் மொத்தச் சாலை நீளத்தில் அந்நெடுஞ்சாலைகளின் பங்கு இரண்டு விழுக்காடு அளவே.

சம்பளத்துக்கு லாரியும் பேருந்தும் ஓட்டுபவருக்கு, நாளொன்றுக்கு எட்டு மணி நேரமே பணி, ஐந்து மணி நேரத்துக்குப் பின் அரை மணி ஓய்வு என்று, 2025 வரை நடப்பில் இருந்த 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் வரையறுத்திருந்தது. அது எவ்வளவு தூரம் நடைமுறையில் இருந்தது என்பது வேறு பேச்சு. சொந்தக் காரில் சொந்தப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் நமக்கு அப்படியொரு வரம்பு கிடையாது. பகலெல்லாம் அலுவலக வேலை பார்த்துவிட்டு, இரவு முழுவதும் ஓட்டுநராகவும் இருக்கிறோம்.

செலவைச் சொல்பவர்கள் உண்டு. கட்டணச் சாவடிகளுக்கான ஃபாஸ்டேக் ஆண்டு அனுமதி 2025 ஆகஸ்ட் 15 அன்று 3,000 ரூபாய்க்கு அறிமுகமானபோது, அதில் எவ்வளவு மிச்சமாகும் என்று நம்மில் பலர் அன்றே கணக்குப் போட்டோம். (மும்பை–புணே விரைவுச்சாலை மாநில அரசைச் சார்ந்தது, அங்கே அந்த அனுமதி செல்லாது. கணக்கில் தனியே பணம் இருக்கட்டும்.) நான்கு பேர் தங்க ஓர் அறைக்கு ஆகும் செலவு அதே அளவுதான். ஆயினும் அதை வீண்செலவு என்கிறோம்.

செலவைவிடக் கனமான மறுப்பு ஒன்றுண்டு. பெற்றோருக்கு எண்பதை நெருங்கும் வயது. ஆண்டுக்குப் பத்து நாள்தான் பார்க்கிறோம். அதில் இரண்டைச் சாலையில் கழிப்பதா? இதற்கு எளிதான விடை எங்களிடம் இல்லை. எங்கள் அனுபவத்தை மட்டும் சொல்லலாம். மிச்சம் பிடித்ததாக நினைத்த அந்த ஞாயிற்றுக்கிழமையை நாங்கள் கூடத்தில் பாய் விரித்து உறங்கியே கழித்தோம். அம்மா எங்களை எழுப்ப மனமில்லாமல், பிள்ளைகளையும் சத்தம் போடாதிருக்கச் சொல்லிக்கொண்டு அடுக்களையில் உட்கார்ந்திருந்தார்.

திரும்பும் பயணம் இன்னும் மோசம். திங்கள் காலை அலுவலகத்தில் இருக்க வேண்டும் என்பதற்காகச் சனி இரவு வரை ஊரில் இருந்துவிட்டு, கண்ணீரும் அலுப்புமாக ஞாயிறு முழுவதும் ஓட்டுகிறோம். விடுப்புக்கு விண்ணப்பிக்கும்போதே அந்தப் பக்கத்திலும் இரண்டு நாள் சேர்த்துக் கேட்பது நல்லது.

பெரியவர்களிடமும் ஒரு வேண்டுகோள். மணிக்கொரு முறை தொலைபேசியில் "எங்கே வாறிய?" என்று கேட்பது அன்பினால்தான். ஆனால் ஓட்டுபவர் காலில் அது முடுக்கியாக இறங்குகிறது. இரவுச் சாப்பாட்டை மூடி வைத்து விழித்திருப்பதும் அப்படியே. வந்து சேரும் நாளை, பிள்ளைகளாகிய நாமே ஒரு வேளை தள்ளிச் சொல்லிவிடலாம்.

இந்த ஆண்டு சனி விடியலில் புறப்பட்டு ஹுப்பள்ளியில் ஓர் இரவும், சேலத்தில் ஓர் இரவும் தங்க அறை பதிவு செய்திருக்கிறோம். இருட்டிய பின் வண்டி ஓடாது. நெடுஞ்சாலை உதவி எண் 1033 பிள்ளைகளுக்கும் மனப்பாடம். திங்கள் மதியம்தான் வருவோம் என்று அம்மாவிடம் சொன்னோம். சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு, "அப்போ மீன் கொழம்பு திங்கக்கெழமையே வைக்கேன்" என்றார்.