காலில் பிறந்தவர் யார்?

சென்ற வாரம் நன்னிலத்தில் பஸ்ஸுக்காகக் காத்திருந்தபோது, நம்மை வெகு நாளாய் அறிந்த ஒரு வைதீக நண்பர் நம்மிடம் வந்து ஒரு கேள்வி கேட்டார். "நீங்கள் எதற்கெடுத்தாலும் முகத்தில் பிறந்தவன், காலில் பிறந்தவன் என்று சொல்லி வேதத்தின்மேல் பாய்கிறீர்களே! சமூகம் ஒரு சரீரம் போன்றது என்பதுதானே அதன் தாத்பரியம்? கால் இல்லாமல் முகம் எங்கே நிற்கும்? காலைக் கால் என்று சொன்னால் அதில் என்ன இழிவு?" என்றார். பக்கத்தில் நின்ற இரண்டொருவர் இது நியாயந்தானே என்பது போல் தலையசைத்ததையும் கண்டோம். ஆகவே இதற்கு வசவினால் பதில் சொல்வது சரியல்ல. அவர் சரீரத்தை சாட்சிக்கு அழைத்திருக்கிறார். சாட்சி என்ன சொல்லுகிறது என்று கேட்டுப் பார்த்துவிடுவோம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். ரிக் வேதத்தின் பத்தாம் மண்டலத்தில் உள்ள புருஷ சூக்தம், முகம் பிராமணன் என்றும், தோள் க்ஷத்திரியன் என்றும், தொடை வைசியன் என்றும், பாதத்தில் சூத்திரன் பிறந்தான் என்றும் சொல்லுகிறது. மனு தர்மமும் அதையே திருப்பிச் சொல்லுகிறது. பஞ்சமர் என்று ஒதுக்கி வைக்கப்பட்டவர்களுக்கோ அந்தச் சரீரத்தில் பாதத்தின் சுண்டு விரலில்கூட இடம் ஒதுக்கப்படவில்லை. சமூகம் முழுவதும் ஒரே சரீரம் என்று தாத்பரியம் சொல்லுகிறவர்கள், நாலில் சேராத அத்தனை ஜனங்களை எந்த அவயவத்தில் வைத்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

அது போகட்டும். உண்மையான சரீரம் எப்படி உண்டாகிறது? தாயின் கருமுட்டை ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான் இருக்கும். தகப்பனின் விந்தணு அதைவிடப் பன்மடங்கு சிறியது. இரண்டும் கூடி ஒரே ஒரு உயிரணு ஆகிறது. இதைத்தான் இங்கிலீஷில் செல் என்கிறார்கள். அந்த ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாகி, நாலு எட்டாகிப் பெருகி, வளர்ந்த மனிதனில் சுமார் 30 லட்சம் கோடி உயிரணுக்களாய் நிற்கிறது. ஒவ்வோர் உயிரணுவும் அதற்கு முன்னிருந்த உயிரணுவிலிருந்தே பிறக்கிறது என்று ஜெர்மன் டாக்டர் விர்ஷோ 1855-ம் வருஷத்தில் எழுதினார். முகத்திலிருந்தோ தொடையிலிருந்தோ குதித்து வந்த உயிரணுவை இதுவரை எந்த பூதக்கண்ணாடியிலும் எவரும் பார்த்ததில்லை.

உயிரணுவின் நடுவில் உட்கரு என்று ஒன்று இருக்கிறது. அதற்குள் 46 குரோமோசோம்கள் இருக்கின்றன. சரீரம் முழுவதையும் கட்டுவதற்கு வேண்டிய குறிப்பெல்லாம் அதில் அடக்கம். முதிர்ந்த இரத்தச் சிவப்பணுவைப் போல உட்கருவே இல்லாத சிலவும், பாதிக் குறிப்பை மட்டும் தாங்கும் விந்தணு, கருமுட்டை ஆகியவையும் நீங்கலாக, மற்ற உயிரணுக்களுக்குள் இருப்பது ஏறக்குறைய அந்தக் குறிப்பின் முழுப் பிரதியேயாகும். கண்ணில் உள்ள உயிரணுவிலும் அதே புத்தகம். குதிகாலில் உள்ளதிலும் அதே புத்தகம். கண்ணுக்குரியது ஒரு பக்கத்தைத் திறந்து படிக்கிறது, குதிகாலுக்குரியது வேறொரு பக்கத்தைத் திறந்து படிக்கிறது. வித்தியாசம் அவ்வளவே. "நீ இதைப் படிக்கக் கூடாது, காதால் கேட்டாலும் குற்றம்" என்று எந்த உயிரணுவிடமிருந்தும் புத்தகம் பிடுங்கப்படவில்லை.

இன்னும் வேடிக்கை கேளுங்கள். கரு உண்டான மூன்றாவது வாரத்தில் அது மூன்று அடுக்காகப் பிரிகிறது. உள்ளடுக்கிலிருந்து குடல், நுரையீரல் இவற்றின் உள்வரியும் கல்லீரலும் வருகின்றன. நடு அடுக்கிலிருந்து எலும்பு, தசை, இருதயம், இரத்தம், சிறுநீரகம் வருகின்றன. வெளியடுக்கிலிருந்து வருபவை எவை தெரியுமா? மூளையும் நரம்பும் ஒன்று. நம் மேல்தோல் மற்றொன்று. அதாவது, வேதம் ஓதுகிறவரின் மூளையும், அவருடைய உள்ளங்காலில் தடித்துப்போயிருக்கும் மேல்தோலும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள்! கோத்திரம் பார்த்தால் இரண்டும் ஒரே கோத்திரம். இதை நாம் சொன்னபோது நண்பர் சிரித்துவிட்டார். மறுத்துப் பேசவில்லை.

உயிரணுக்கள் தனித்தனியே நின்றால் வேலை நடக்காது. ஒரே விதமானவை கூட்டமாய்ச் சேர்ந்தால் அதற்குத் திசு என்று பேர். திசுக்களில் நான்கு வகை உண்டு. நாலு என்றவுடன் வைதீகர்கள் சந்தோஷப்பட வேண்டாம்! மூடி நிற்கும் திசு, தாங்கி இணைக்கும் திசு, சுருங்கி விரியும் தசைத் திசு, சேதி சொல்லும் நரம்புத் திசு என்பவையே அந்த நான்கு. இவை தலைக்கு ஒன்று, காலுக்கு ஒன்று என்று அக்கிரகாரமும் சேரியுமாய்ப் பிரிந்து குடியிருக்கவில்லை. முகத்தை அறுத்துப் பார்த்தாலும் நாலும் இருக்கும். பாதத்தை அறுத்துப் பார்த்தாலும் நாலும் இருக்கும். நாலும் கலந்தால்தான் இரைப்பை போன்ற ஓர் உறுப்பே உண்டாகிறது. உறுப்புகள் பல சேர்ந்து ஜீரண மண்டலம், சுவாச மண்டலம், இரத்த ஓட்ட மண்டலம், நரம்பு மண்டலம் என்று ஆகின்றன. கலப்பினால் தர்மம் கெட்டுப் போகும் என்ற சாஸ்திரம் சரீரத்தில் ஒரு நாள் அமுலுக்கு வந்தாலும் அன்றைக்கே பிணம்தான்.

(இதையெல்லாம் தமிழில் சொல்ல முடியாது என்று இன்னும் சிலர் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் கிரீன் என்ற அமெரிக்க டாக்டர் 1850-களிலேயே சரீர சாஸ்திரப் புத்தகத்தைத் தமிழில் அச்சிட்டு, பிறகு தமிழிலேயே பையன்களுக்கு வைத்தியம் படிப்பித்தார் என்பதை அவர்கள் அறிவார்களாக.)

"மூளை உத்தரவு போடுகிறது, மற்றதெல்லாம் கீழ்ப்படிகிறது அல்லவா?" என்று அடுத்த கேள்வி வந்தது. மூளை பெரிய வேலைதான் செய்கிறது. நாம் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் சரீரத்தின் எடையில் ஐம்பதில் ஒரு பங்கே உள்ள அது, நாம் சுவாசித்து உட்கொள்ளும் பிராணவாயுவில் ஐந்தில் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளுகிறது. வாங்கியதைச் சேமித்து வைக்கவும் அதற்கு வழியில்லை. சில நிமிஷம் இரத்தம் வராவிட்டால் அழிய ஆரம்பித்துவிடுகிறது. இருதயமோ மூளையின் உத்தரவுக்காகக் காத்திருப்பதில்லை. அதன் வலது மேலறைச் சுவரில் உள்ள ஒரு சிறு முடிச்சு தானாகவே துடிப்பை எழுப்புகிறது. மூளையிலிருந்து வரும் நரம்பு அதை விரைவாக்கலாம், மெதுவாக்கலாம். தொடங்கி வைக்க வேண்டியதில்லை. 2008-ம் வருஷம் திருக்கழுக்குன்றத்தைச் சேர்ந்த டாக்டர் தம்பதிகள், விபத்தில் மூளைச்சாவு அடைந்த தங்கள் மகன் ஹிதேந்திரனின் உறுப்புகளைத் தானமாய்க் கொடுத்தார்கள். அவன் இருதயம் சென்னையில் ஒரு சிறுமியின் மார்பில் வைக்கப்பட்டது. நரம்பெல்லாம் அறுந்த இருதயம் வேறொரு சரீரத்தில் துடித்தது. அப்போது டாக்டர்கள் இரத்த வகை பார்த்தார்கள், அளவு பார்த்தார்கள். வருணம் பார்க்கவில்லை. பார்ப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை.

இனிக் காலுக்கு வருவோம். இருதயம் தள்ளிய இரத்தம் பாதம் வரை இறங்குகிறது. நிற்கிற மனிதனில் அது திரும்ப மேலே ஏற வேண்டுமானால் நாலடிக்கு மேல் ஏற வேண்டும். அதை ஏற்றி அனுப்புவதில் பெரும் பங்கு கெண்டைக்கால் தசையினுடையது. நடக்கும்போது அந்தத் தசை சுருங்கி இரத்தக் குழாயை அழுத்துகிறது. குழாய்க்குள் இருக்கும் கதவுகள், ஏறிய இரத்தத்தைக் கீழே விழவொட்டாமல் மூடிக்கொள்ளுகின்றன. நெடுநாள் படுத்த படுக்கையாய்க் கிடப்பவர்களுக்குக் காலில் இரத்தம் உறைந்து, அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போய் உயிரையே வாங்கிவிடுவதுண்டு. கால் சும்மா தாங்கிக்கொண்டு நிற்கவில்லை, இருதயத்துக்கே கைகொடுக்கிறது.

ஆனால் நாம் நண்பரிடம் அதிகமாய்ப் பேசியது இதைப் பற்றியல்ல. கொக்கிப் புழுவைப் பற்றித்தான். முடிகொண்டான் ஆற்றுப் பக்கம் நடவு காலத்தில் போனவர்கள், வாய்க்கால் கரையும் வரப்போரமும் மூங்கில் கொத்தும் எதற்குப் பயன்படுகின்றன என்பதை அறிவார்கள். இந்தப் புழு உள்ளவனின் மலத்தில் அதன் முட்டை வெளிவருகிறது. நீர் தேங்கி நிற்கும் சேற்றைவிட, நிழலும் ஈரமுமாய் இருக்கும் கரை மண்ணே அதற்கு ஏற்ற இடம். சில நாளில் குஞ்சு பொரித்து வளர்ந்து, கண்ணுக்குத் தெரியாத ஒரு நூல் போல் மண்ணில் காத்திருக்கிறது. வெறுங்கால் ஒன்று மிதித்தால் போதும். தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய்விடும். கெய்ரோவில் லூஸ் என்ற ஜெர்மன் விஞ்ஞானி 1898-ல் இப்புழு நீரைத் தவறுதலாய்த் தன் கையில் சிந்திக்கொண்டு, தனக்கே நோய் வந்ததைக் கொண்டு இந்த வழியைக் கண்டார்.

அதற்குப் பின் அது போகும் பாதையைப் பாருங்கள். பாதத்துத் தோலிலிருந்து இரத்தக் குழாய், அங்கிருந்து இருதயம், இருதயத்திலிருந்து நுரையீரல், நுரையீரலிலிருந்து மூச்சுக்குழல் வழியாய்த் தொண்டை, தொண்டையில் விழுங்கப்பட்டு இரைப்பை, சிறுகுடல். கடைசியில் குடல் சுவரைக் கவ்விக்கொண்டு வருஷக்கணக்காய் இரத்தம் குடிக்கிறது. நாலு மண்டலமும் ஒரே வீட்டின் அறைகள் என்பதை, பள்ளிக்கூடமே போகாத அந்தப் புழு நம்மைவிட நன்றாய்த் தெரிந்து வைத்திருக்கிறது! ஒரு புழு குடிப்பது நாளைக்கு ஒரு சொட்டுக்கும் குறைவு. நூறு புழு இருந்தால் மாதத்தில் ஏறக்குறைய அரை ஆழாக்கு இரத்தம் போய்விடும். சத்துள்ள சாப்பாடு உள்ளவன் தாங்குவான். பழையதும் பச்சை மிளகாயும் சாப்பிடுகிறவள் எங்கே தாங்குவாள்? முகம் வெளுத்து, இளைப்பு வாங்கி, படபடப்பு வந்து உட்கார்ந்துவிடுகிறாள். பேய் பிடித்தது, கண் பட்டது என்று வேப்பிலை அடித்ததும், நடவுக் கூலியைப் பூசாரிக்குக் கொடுத்ததும் நம் கண்ணால் கண்டவை.

பண்ணையாள் சோம்பேறி என்பது நம் மிராசுதார்கள் பலர் வெகுகாலம் சொல்லி வந்த பேச்சு. அமெரிக்காவின் தென் பகுதிகளில் ஏழைகளையும் அப்படித்தான் சொன்னார்கள். 1902-ல் ஸ்டைல்ஸ் என்பவர் அவர்கள் குடலில் இந்தப் புழு இருப்பதை எடுத்துக் காட்டியபோது, பத்திரிகைகள் அதற்குச் 'சோம்பேறிக் கிருமி' என்றே பெயரிட்டன. சென்னை மாகாணத்திலும் 1920-களில் ராக்பெல்லர் நிதியத்தார் இதை ஒழிக்க வேலை செய்தார்கள். சோம்பேறித்தனம் என்று ஏசப்பட்டது இரத்தம் இல்லாமை என்று தெரிந்த பிறகு, ஏசினவர்களில் யாராவது மன்னிப்புக் கேட்டார்களா? நாம் கேள்விப்படவில்லை.

அந்தக் கால் ஏன் வெறுங்காலாய் இருந்தது? வறுமையினால் என்பது பாதி பதில். மறு பாதி, மேல் சாதித் தெருவில் செருப்புப் போட்டு நடக்கக் கூடாது என்ற கட்டுப்பாடு. காலில் பிறந்தவன் என்று பட்டம் கொடுத்ததோடு நில்லாமல், அந்தக் காலுக்கு ஒரு தோல் துண்டையும் மறுத்தார்கள். தஞ்சை ஜில்லாவில் பண்ணையாட்களுக்கென்று பாதுகாப்புச் சட்டம் வந்ததே 1952-ல்தான். உவமை சொன்னவர்கள் உவமையின்படியாவது நடந்தார்களா? தன் காலில் முள் தைத்தால் முகம் சும்மா இருக்கிறதா? கண் தேடுகிறது, கை பிடுங்குகிறது, வாய் கத்துகிறது.

விர்ஷோ சரீரத்தைக் குடிமக்கள் சேர்ந்த ஒரு ராஜ்யமாகவும், உயிரணுக்களை அதன் குடிகளாகவும் உவமித்தார். நமக்கு அது பிடித்திருக்கிறது. ஆனாலும் உவமை உவமைதான். சரீரத்தில் உள்ளதெல்லாம் சமூகத்துக்குச் சட்டமாகிவிடாது என்பதை நாமும் ஒப்புக்கொள்ளுகிறோம். அதே விர்ஷோ 1848-ல் மேல் சைலீசியாவில் விஷ ஜூரம் பரவியபோது அரசாங்கத்தின் சார்பில் பார்க்கப் போய், இவர்களுக்கு வேண்டிய மருந்து கல்வியும் சுதந்திரமும் வயிற்றுக்குச் சோறும் என்று எழுதிக் கொடுத்தார் என்பது நமக்கு உவமையைவிடப் பெரிதாய்த் தெரிகிறது.

இன்று நிலைமை மாறியிருக்கிறது. 2015 முதல் பிப்ரவரி 10-ந் தேதியைக் குடற்புழு நீக்க நாளாக வைத்துப் பிள்ளைகளுக்கு அல்பெண்டசோல் மாத்திரை கொடுக்கிறார்கள். செருப்பும் வந்துவிட்டது. ஆனாலும் 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இரத்த சோகை இருப்பதாகத் தெரிகிறது. அதற்கெல்லாம் புழுவே காரணம் என்று நாம் சொல்ல வரவில்லை. சாப்பாட்டில் இரும்புச் சத்துக் குறைவே பெரிய காரணம். ஆனால் மாத்திரை உள்ளிருக்கும் புழுவைத்தான் தள்ளும். கரை மண்ணில் காத்திருப்பதைத் தள்ளாது. அதற்குக் கக்கூஸ் வேண்டும், அதில் தண்ணீர் வேண்டும்.

பஸ் வந்துவிட்டது. ஏறுவதற்கு முன் நண்பரை ஒன்று கேட்டோம். "உங்கள் ஊர்க் காலனியில் எத்தனை வீட்டில் தண்ணீரோடு கக்கூஸ் இருக்கிறது?" அவருக்குத் தெரியவில்லை. பஞ்சாயத்து ஆபீசில் விசாரித்து அடுத்த வாரம் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். அவர் கொண்டுவரும் எண்ணிக்கையை நாம் பிரசுரிப்போம்.